ஏழாம் எண் இலந்தை மரம்

தம்பி, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டோ, வண்டியில் போய்க்கொண்டோ படிக்காதே. உட்கார்ந்து படி. எழுபத்து மூன்று வயதில் உன் அம்மா நேற்றுக் காலை கிணற்றடியிலிருந்து வீட்டுக்குச் செருப்பைக் கூடப் போடாமல் ஓடினாள் என்று பாண்டியம்மாள் உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். அவள் சொன்னது உண்மைதான். விழுந்துவிடுவேன் என்று பயந்து அவளும் பின்னாலேயே ஓடிவந்தாள். நல்ல செய்திக்காகத்தான் ஓடினேன். போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். எனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும், நீ முழுதாகக் கேட்க வேண்டும். இதன் இன்னொரு படியைப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் போடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். உன்னைப் பற்றி நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்துப் பேர் முன்னால் ஒரு வார்த்தை சொன்னேன். அதை வீட்டுக்குள் உன் காதோடு மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டால் சரியாகாது. ஏன் என்பதைப் படித்து முடித்தால் நீயே சொல்வாய்.

போன வாரம் நீ போனில் பேசியதிலிருந்து தொடங்குகிறேன். உன் மகள் கயல் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, சென்னையை விட்டு இங்கே என்னோடு தங்கி, நீ படித்த அதே பள்ளிக்கூடத்தில், நீ எடுத்த அதே வேளாண் தொழிற்பிரிவில் பதினொன்றாம் வகுப்பு சேர வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். விண்ணப்பத்தை எல்லாம் அவளே நிரப்பி வைத்திருக்கிறாள், உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். நீ என்ன சொன்னாய்? "நம்ம கைக்குச் செடி வராதும்மா. நான் ஒரு வருஷம் வீணாக்கினது போதும்." உன் குரலில் கோபம் இல்லை. உயரம் இத்தனை அடி, ரத்த வகை இன்னது என்று சொல்வதைப்போலச் சொன்னாய். நான் உடனே போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் அது என்னுடைய வாக்கியம், தம்பி. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னது. ஏறக்குறைய அதே சொற்களில் நீ வைத்திருக்கிறாய்.

உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் மலரில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீ பதினொன்றாம் வகுப்பில் தோட்டக்கலையும் உண்டு என்று அந்தப் பிரிவைக் கேட்டபோது எனக்குச் சம்மதமே இல்லை. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற பிரிவு என்று ஊரில் பேச்சு இருந்தது. கான்வென்டில் படித்த எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. கன்னியாஸ்திரீகள் எனக்கு நேர்க்கோட்டில் எழுதவும், தையலின் பின்பக்கமும் முன்பக்கம்போல் இருக்க வேண்டும் என்றும், பிசிறு ஒன்று தொங்கினாலும் வேலை முடியவில்லை என்றும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் படிப்புக்காக நான் இன்றும் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் அதைப் போடக் கூடாத இடத்தில் போட்டேன். உன் அய்யா, என் வீட்டுக்காரர், மட்டும் உன் பக்கம் நின்றார். மிளகாயும் பருத்தியுமாக வானத்தைப் பார்த்தே விவசாயம் செய்தவர் அவர். கமுதிப் பக்கத்திலிருந்து நம் நிலத்துக்கு வந்த காலத்திலிருந்து இந்த உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர். பையன் மரம் படிக்கப் போகிறான் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

உங்கள் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையும் சொந்த நிலத்தில் ஒரு செய்முறை செய்து காட்ட வேண்டும் என்றார். நீ திருப்புல்லாணி சாலையில் இருக்கிற நம் நிலத்தின் வேலியோரத்து நாட்டு இலந்தை மரங்கள் ஏழைத் தேர்ந்தெடுத்தாய். உப்புத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசராத மரம், ஆனால் பழம் சுண்டைக்காய் அளவுதான், கையை வைத்தால் முள் கிழிக்கும். அவற்றை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு, புதிதாகத் துளிர்த்த கிளைகளில், பெரிய பழம் காய்க்கும் நல்ல இலந்தையின் கண்ணை எடுத்து ஒட்டுக் கட்டினாய். நல்ல மரத்தின் கணுவில் இருக்கும் மொட்டைத் தோலோடு சீவி, நாட்டு மரத்தின் தோலைக் கீறி உள்ளே செருகி, பாலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டுவது. எனக்கு இதெல்லாம் இப்போதுதான் தெரியும். அப்போது உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பால்மாவு டின்னை வெட்டி, ஆணியால் எண் கீறி, ஒவ்வொரு மரத்திலும் கம்பியால் கட்டினாய். டின்னை வீணாக்கியதற்காக நான் திட்டினேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து உன் செய்முறையைப் பார்வையிட ஆள் வருகிறார் என்றாய். அதற்கு முதல் நாளும் அதற்கு முந்தின நாளும் நீயும் அய்யாவும் கமுதியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீர்கள். வீட்டில் நானும் வேலைக்கு வருகிற பாண்டியம்மாளும்தான். வெளியூரிலிருந்து ஆள் வருகிறார், இடம் பார்க்கும்படி இருக்க வேண்டாமா என்று நான் நிலத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு மரத்திலும் அழுக்கேறிய பிளாஸ்டிக் துண்டு, புண்ணுக்குக் கட்டுப் போட்டதுபோல. அதற்குப் பக்கத்தில் சோகையாக ஒரு விரற்கடைத் துளிர், கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. மற்றபடி கீழேயிருந்து நேராக, பளபளவென்று நாலைந்து தடித்த கிளைகள். எனக்கு எது மரம், எது குப்பை என்று ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. அருவாளை எடுத்தேன். நாடாக்களை அறுத்தேன், டின்களைக் கழற்றினேன், கோணல் துளிர்களை அடிமரத்தோடு ஒட்டச் சீவினேன், நேரான கிளைகளை விட்டேன். அடிமரத்துக்குச் சுண்ணாம்பு கூட அடித்தேன், சீவிய காயமெல்லாம் அதில் மறைந்துபோனது. ஆறு மரம் முடிந்தது. கிணற்றை ஒட்டிய ஏழாவது மரத்தில் குளவிக் கூடு இருந்ததால் அதன் பக்கம் போகவில்லை. எனக்குக் குளவி என்றால் எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும்.

நீ திரும்பி வந்து மரங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாய். "அம்மா, நாடா எங்க?" என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்தவுடன் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. அது எவ்வளவு பெரிய தவறு என்று மட்டும் புரியவில்லை. நான் தவறு செய்து நீ பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது என்று நினைத்தேன். "நாடா, துளிர் எல்லாம் கழண்டு கீழே கிடந்துச்சு, கூட்டிப் போட்டேன்" என்றேன். நீ நம்பினாய். நான் சொல்வதை நீ எப்போதும் நம்பினாய். "அப்போ நான் கட்டினதுதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாய். உன் அய்யா அன்று சாயங்காலம் உன் தோளில் கை போட்டு, "ஏலே, ஒரு தடவ நிக்கலைன்னா என்ன, வர்ற ஆடியில திரும்பக் கட்டுவோம்" என்றார். அந்த ஆடி வரவே நான் விடவில்லை. அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துக்குப் போய், மற்ற பெற்றோரும் நின்றுகொண்டிருந்த இடத்தில், "இவன் கைக்குச் செடி வராது, டிசியைக் கொடுத்துடுங்க" என்றேன். உங்கள் ஆசிரியர், "ஒரே ஒரு தடவையை வச்சு முடிவு பண்ணாதீங்கம்மா" என்று பணிவாகச் சொன்னார். நான் அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் திரும்பிப் பேசக் கூடாது என்பதற்காகவே ஆங்கிலத்தில் சொன்னேன். நீ என் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தாய். பிறகு விடுதியுள்ள பள்ளிக்கூடம், கணக்குப் பிரிவு, மறுபடியும் முதலிலிருந்து பதினொன்றாம் வகுப்பு, பொறியியல், சென்னை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். நான் எல்லாரிடமும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உன் வீட்டு பால்கனியில் ஒரு துளசித் தொட்டி கூட இல்லை என்பதை நான் ஒவ்வொரு தடவை வரும்போதும் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன். அந்தப் பிரிவின் இப்போதைய ஆசிரியை இந்தப் பங்குனியில் வந்து, பள்ளிக்கூடத்து மைதானம் முழுக்க உப்பு, பிள்ளைகள் செய்முறைக்கு உங்கள் வேலியோரத்து இலந்தைகளைத் தருவீர்களா என்று கேட்டார். சரி என்றேன். பிள்ளைகள் ஆறு மரங்களையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினார்கள். ஏழாவதைத் தொடக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். அது என் செல்ல மரம். மற்ற மரமெல்லாம் சுண்டைக்காய் காய்க்கும்போது அது மட்டும் தை மாதத்தில் கோழி முட்டை அளவுக்குப் பழம் கொடுக்கும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் நான் பை பையாகக் கொடுத்து, "கிணத்தடியில் நான் துவைத்து ஊற்றின தண்ணிக்குத்தான் இப்படிக் காய்க்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீகூட, நிலத்துப் பக்கம் எட்டிப் பார்க்காமலே, வீட்டிலிருந்து சென்னைக்கு எடுத்துப் போயிருக்கிறாய். கயலுக்கு அந்தப் பழம் உயிர். அவளுக்கு இந்தப் படிப்பு ஆசை வந்ததே அந்த மரத்தடியில்தான் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் காலை வெட்டின மரங்களின் புதுத் துளிர்களைப் பார்க்கப் பிள்ளைகள் மறுபடியும் வந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைப்பார்களே, இலையும் குப்பையும் மிதந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு வந்துவிட்டது. அருவாளை எடுத்துக்கொண்டு ஏழாவது மரத்தடிக்குப் போய், கிணற்றின் மேல் சாய்ந்திருந்த கொம்பை வெட்ட ஓங்கினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண், "பாட்டி, பாட்டி, அத வெட்டாதீக, அதுதான் ஒட்டு" என்று கத்தினாள். பெயர் ஸ்டெல்லா. காரங்காட்டுப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள், வீட்டில் எல்லாருக்கும் கடல் வேலை. எனக்குக் கோபம் வந்தது. என் நிலத்தில், என் மரத்தில், எனக்கா சொல்லித்தருகிறாய் என்று கேட்டேன். அவள் பயப்படவில்லை. "எங்க வீட்ல வலையத் தவிர எதையும் தொட்டதில்ல பாட்டி, ஆனா இது நாங்க போன மாசம்தான் படிச்சோம், வந்து பாருங்க" என்று என் கையைப் பிடித்து அடிமரத்தில் வைத்தாள். ஓரிடத்தில் முழங்கை மூட்டுபோல ஒரு புடைப்பு. அதற்குக் கீழே பட்டை ஒரு மாதிரி, மேலே வேறு மாதிரி. கீழிருந்து வருகிற கொம்பில் சின்ன இலை, நெருக்கமாக முள். புடைப்பிலிருந்து வருகிற கொம்பில் அகல இலை, முள்ளே அரிது. "ஒரே வேர்ல ரெண்டு மரம் நிக்குது பாட்டி. யாரோ கண்ணு கட்டியிருக்காங்க. ரொம்ப நல்லாக் கட்டியிருக்காங்க" என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே விரலால் தடவியவள், புடைப்புக்குப் பக்கத்தில் மரம் விழுங்கியது போக வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு துரும்பைக் காட்டினாள். துருப்பிடித்த டின் துண்டு. ஆணியால் கீறின எண்ணில் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியே எனக்குப் போதும். நீ போடும் ஏழாம் எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும், நடுவில் ஒரு கோடு போடுவாய், அதற்காக எத்தனை தடவை திருத்தியிருக்கிறேன்.

அப்போதுதான் வீட்டுக்கு ஓடினேன். செருப்புப் போடாமல். உன் பழைய பெட்டியில் அந்த வருஷத்து ரெக்கார்டு நோட்டு இருந்தது. ஒட்டுக் கட்டின நாள், கண் பச்சையாக இருந்த நாள், துளிர் விட்ட நாள், எல்லாம் அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். ஒன்றிலிருந்து ஆறு வரை துளிர் விட்டிருக்கிறது, தம்பி. ஆறும். ஏழாவதுக்கு நேராக மட்டும் "கண் விழிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அது தாமதமாக, நீ விடுதிக்குப் போன பிறகு விழித்திருக்கிறது. நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. குளவி காத்துக் கொடுத்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் நீ எழுதியிருப்பதை மூன்று தடவை படித்தேன். "1 முதல் 6 வரை தோல்வி. காரணம்: என் கைக்கட்டு சரியில்லை."

நான் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பாண்டியம்மாள் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றைக்கு நாடாக்கள் எப்படி இருந்தன, உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவள் சொம்பை வைத்துவிட்டு, "கூடையில அள்ளிக் கொட்டுனதே நான்தானம்மா. ஒவ்வொண்ணும் எம்புட்டு இறுக்கம். கையால பிரிக்க வரல, நீங்க அருவா நுனிய விட்டுல்ல அறுத்தீக" என்றாள். அப்படியானால் இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேட்டீகளா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, "அய்யாட்ட ஒரு தடவ சொன்னேன். அவுக, சரி விடு, அவளா ஒரு நா கண்டுபிடிப்பா, அப்ப அவளே சொல்லட்டும்னுட்டாக" என்றாள். உன் அய்யாவுக்குத் தெரிந்திருக்கிறது. போய்ச் சேருகிற வரையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தை மாதம் பழம் பறிக்கும்போதெல்லாம் நான் தண்ணீர் பெருமை பேசுவேன். அவர் ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எதற்கு என்று நேற்றுதான் தெரிந்தது. அவர் மேல் கொஞ்சம் கோபமும் வருகிறது. அதை அவரிடமே நான் பேசிக்கொள்கிறேன்.

இதற்குள் அழுகிறேன் என்று நினைக்காதே. கொஞ்சம் அழுதேன், அது முடிந்துவிட்டது. இப்போது இருப்பது வேறு. என் மகன் பதினாறு வயதில், யாரும் கூட இல்லாமல், ஏழு கண் கட்டி ஏழையும் பிழைக்க வைத்தான். ஆசிரியையிடம் கேட்டேன், முதல் தடவை கட்டுகிற பிள்ளைக்கு ஏழில் மூன்று நின்றாலே பெரிய விஷயமாம். ஏழும் நின்றது என்றால் யார் கட்டினது என்று கேட்டார். என் மகன் என்று சொன்னேன். உன் கல்லூரிப் பட்டத்தை, உன் உத்தியோகத்தைச் சொன்னபோதுகூட இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக வந்து அந்தப் புடைப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். ஸ்டெல்லா படம் பிடித்துக்கொண்டாள்.

அறிவுரை சொல்லாமல் என்னால் கடிதம் முடிக்க முடியாது என்று உனக்குத் தெரியும், அதனால் ஒன்று மட்டும். பிள்ளை தோற்றுவிட்டான் என்றால், தோற்ற இடத்துக்கு நீயே போய்க் குனிந்து பார். அவன் கையைக் குறை சொல்வதற்கு முன்னால், வீட்டிலிருந்து அந்தப் பக்கம் யார் அருவாளோடு போனார்கள் என்று கேள். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். உன்னிடம் அந்த அருவாள் இல்லை என்று நினைக்காதே. கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கிற பேனாவும் அதையேதான் செய்யும். கயலுக்குச் செடி வருமா வராதா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. வராமல் போனால் போகட்டும், அவள் கட்டி, அவள் அவிழ்த்து, அவளே பார்த்து எழுதட்டும். நம்முடைய பழைய வாக்கியத்தை அவள் நோட்டில் நாம் எழுதக் கூடாது. அந்த வாக்கியம் முதலிலிருந்தே பொய்.

உன் ரெக்கார்டு நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தைப் பார். உன் கட்டத்தை நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். பள்ளி நாட்களில் உன் நோட்டுகளில் நான் எவ்வளவு சிவப்பு மை செலவழித்தேன், எல்லாம் உன் தவறுகளுக்கு. இது என் தவறுக்கு. பக்கத்தில், "காரணம்: மாணவனின் தாயார் நல்ல ஒட்டுகளை வெட்டிவிட்டார், பிறகு பொய் சொன்னார். கைக்கட்டு மிகச் சரி" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஏழாவதுக்கு நேராக, "விழித்தது, காய்க்கிறது" என்று எழுதினேன். ஆசிரியையும் கீழே கையெழுத்துப் போட்டார். நான் கேட்கவில்லை, அவராகவே பேனாவை வாங்கினார்.

வெட்டின ஆறு மரத்திலும் புதுத் துளிர் பென்சில் பருமனுக்கு வந்துவிட்டது. ஏழாவது மரத்தின் கண்ணை எடுத்தே ஆறிலும் கட்டலாம் என்கிறார் ஆசிரியை. நாலு மரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இரண்டை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒன்று கயலுக்கு, ஒன்று உனக்கு. வெள்ளிக்கிழமை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் நிலத்துக்கு வாருங்கள். உன் ஒட்டுக் கத்தியை அய்யா எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அதே பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாடா வாங்கிவிட்டேன். டின்னும் எடுத்து வைத்திருக்கிறேன், எண்ணை உன் இஷ்டம்போலக் கீறிக்கொள், நடுவில் கோடு போட்டே எழுது.

நீங்கள் கட்டி முடித்து, கண் விழித்து, நாடா தானாகத் தளர்கிற வரைக்கும் அந்த மரங்கள் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் இருக்கட்டும். பார்க்க யார் வந்தாலும் வரட்டும். அருவாளை நேற்றே பாண்டியம்மாள் வீட்டில் கொடுத்துவிட்டேன். நான் கேட்டாலும் தராதே என்று சொல்லியிருக்கிறேன். இன்று காலையில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். தரவில்லை.

அம்மா